ஏழாம் தீர்மானத்துக்குத் தூக்கிய கைகள்

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி முற்பகல் பதினொன்றரை மணிக்கு, ஏழாவது தீர்மானத்துக்காக, ஆவுடையாள்குளம் ஊராட்சியில் நூற்று நாற்பத்து மூன்று பேர் தூக்கிய கை அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. அதில் ஒன்று என்னுடையது. எப்படி இறங்காமல் போகும், நரம்பா எலும்பா, சாமி குத்தமா செய்வினையா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. இறங்கவில்லை. அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் கிராம சபை நடக்கிற விதம் இது. பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில் ஜமுக்காளம் விரிப்பார்கள். கிளார்க் அருணாசலவடிவு தூத்துக்குடியிலிருந்து ஒன்பதே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்கி, தீர்மான நோட்டைத் திறந்து, மூச்சு விடாமல் ஒரு தீர்மானத்தை வாசித்து முடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சரிதானா?" என்பான். உடனே தலைவர் கோயில்பிள்ளை முதல் ஆளாகக் கையைத் தூக்குவார், அவர் தூக்கியதைப் பார்த்து முன்வரிசை தூக்கும், முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை தூக்கும், கிளார்க் எண்ணுவான், எழுதுவான், அடுத்ததற்குப் போவான். பின்னால் டீயும் காராச்சேவுப் பொட்டலமும் காத்திருக்கும். அன்றைக்கு வராதவர்களுக்கு நூறு நாள் வேலை அட்டையில் பெயர் இருக்காது என்று சொல்லியிருந்ததால் ஊரில் நடமாட முடிந்த பெரியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கிழக்குத் தெருக்காரர்கள் மட்டும் வரவில்லை. அந்தத் தெரு ஏழே வீடு. ஏழு வீடும் உப்பளத்து வேலை. உப்பளத்துக்குச் சுதந்திர தினம் கிடையாது. வந்தது புருஷனை இழந்த முத்துப்பேச்சி ஒருத்திதான். உப்புத் தண்ணியில் பாதம் வெடித்துப் புண்ணாகி ஒரு மாசமாக வேலைக்குப் போகாமல் இருந்தவள், வாசல் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

முதல் ஆறு தீர்மானம் தெருவிளக்கு, கொசு மருந்து, அப்படி. ஏழாவது, ஊர்க் குப்பையைக் கொட்டுவதற்கு, கிழக்குத் தெருவை அடுத்துள்ள பயன்பாட்டில் இல்லாத கிணற்றை ஒட்டிய நாற்பது சென்ட் நிலத்தை ஒதுக்குவது.

"சார், அந்தக் கிணத்துலதான நாங்க தண்ணி எடுக்கோம்?" என்றாள் முத்துப்பேச்சி.

பின்னால் பொட்டலம் பிரிகிற சத்தம். "சரிதானா?" என்றான் கிளார்க். கைகள் ஏறின. அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, தீர்மானமே யாருக்கும் கேட்கவில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"போதும், இறக்குங்க," என்றான் கிளார்க்.

இறங்கவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அரை மணி நேரம், முக்கால் மணி நேரம், டீ ஆடை கட்டி ஆறிப்போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கோயில்பிள்ளை, "சரி, வீட்டுக்குப் போயி எண்ணெய் தேச்சுப் பாப்போம்," என்றார். கூட்டம் கலைந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நூற்று நாற்பத்து மூன்று பேர் நாலு தெருவில் பிரிந்து போனதைப் பார்த்து, வயலில் நின்ற கொக்குகள் பறந்து போயின.

எண்ணெய் தேய்த்தார்கள். வர்மக்காரரிடம் போனார்கள். தூத்துக்குடிக்கு வேன் வைத்துப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "கை நல்லாத்தான இருக்கு," என்றார். வலி இல்லை. மரத்துப் போகவும் இல்லை. விரல் மடங்கும், மணிக்கட்டு திரும்பும், தோள் மட்டும் இறங்காது. பத்து நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். இருபது நாளில் பழகிவிட்டது. எங்கள் ஆட்கள் எதற்கும் பழகுவார்கள்.

டெய்லர் மைதீன் பிச்சை இடது கையாலேயே சட்டைகளின் வலது பக்கத்தைக் கக்கத்திலிருந்து இடுப்பு வரை பிரித்து நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தான், பெண்கள் ரவிக்கைக்கும் அப்படியே வந்தது, நிலைப்படி இடிக்கிற வீடுகளில் நிலையை உடைத்து உயர்த்தினார்கள், கொசுவலைக்குக் கம்பு தேவைப்படாமல் போயிற்று, பால்காரன் தூக்குச்சட்டிகளைத் தூக்கிய கையில் வரிசையாக மாட்டிக்கொண்டு சைக்கிளை ஒரு கையால் ஓட்டினான், ரோட்டோரம் யார் நின்றாலும் பஸ்ஸை நிறுத்துகிறார்கள் என்று நினைத்து டிரைவர் நிறுத்தி நிறுத்தி, ஒரு மாசத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் யாருக்குமே நிறுத்தாமல் போக ஆரம்பித்தான், காக்கைகள் விரல் நுனியில் வந்து உட்கார்ந்தன, உட்கார்ந்தால் விரட்டக்கூட ஆட்கள் சலித்துக்கொண்டார்கள். பாடை சுமக்கிறதுக்கு மட்டும் சௌகரியமாக இருந்தது.

ஆனால் முடிச்சுப் போட ரெண்டு கை வேண்டும். சிசுவைக் குளிப்பாட்ட வேண்டும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாற்ற வேண்டும், பிணத்துக்கு வாய்க்கட்டு கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்ட முடிச்சு நிற்கவில்லை. உப்பளத்துக்காரர்கள் விடிவதற்கு முன்னால் போய் இருட்டித் திரும்பினார்கள். பகலில் ஊருக்குள் ரெண்டு கையோடு இருந்த பெரிய ஆள் முத்துப்பேச்சி ஒருத்திதான். அதுவரைக்கும் அவளை முற்றத்தைத் தாண்டி உள்ளே விடாதவர்கள், "ஏ முத்துப்பேச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போ," என்று தெருமுனையில் நின்று கூப்பிட்டார்கள். அவள் வெடித்த பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து, கட்டி, அவிழ்த்து, முடிந்து, குளிப்பாட்டிவிட்டுப் போனாள். போகும்போது எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "கிணத்துல குப்பை விழுது, கொஞ்சம் சொல்லுங்க." எல்லா வீட்டிலும், "சொல்லுதோம், சொல்லுதோம்," என்றார்கள்.

ஆவணியில் தலைவர் மகனுக்குக் கல்யாணம். பெண்ணும் உள்ளூர்தான். மாப்பிள்ளை தாலியை இடது கையில் பிடித்தான். வலது கை வானத்தைப் பார்த்து நின்றது. நாத்தனார் முடிச்சுப் போட வேண்டும், அவளுக்கும் கை மேலே. வெளியூர் மேளக்காரர் கெட்டிமேளத்தை நிறுத்தாமல் அடித்து அடித்து வேர்த்துப் போனார். கோயில்பிள்ளை கண்ணைக் காட்ட, முத்துப்பேச்சியைப் பந்தலுக்குள் கூட்டி வந்தார்கள்.

"அறுதலி கையாலயா தாலி முடியணும்?" என்றாள் பெண்ணுக்குப் பெரியம்மை.

"பின்ன உன் கை இறங்குதா? இறங்கினா நீ போடு," என்றாள் தலைவர் சம்சாரம்.

மூன்று முடிச்சு. இறுக்கமாகப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பி, "தலைவரே, தண்ணியில புழு நெளியுது," என்றாள்.

"கல்யாணப் பந்தல்ல பேசுற பேச்சா இது? அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். அக்டோபர் ரெண்டாம் தேதி கூட்டத்தில் அந்த மனு கிளார்க்கின் பையிலேயே இருந்தது. அதற்கு முன்னால் வேறொரு தீர்மானம் வந்தது. பக்கத்து டவுனிலிருந்து ஒரு நாளைக்கு நாலு லாரி குப்பையையும் நம் கிடங்கிலேயே கொட்ட அனுமதிப்பது.

"ஆதரிக்கிறவங்க?" என்றான் கிளார்க்.

எல்லாக் கையும் மேலேதான் இருந்தது. எண்ணினான். நூற்று நாற்பத்து மூன்று.

"எதிர்க்கிறவங்க?"

எண்ணினான். நூற்று நாற்பத்து மூன்று.

பேனாவைக் கீழே வைத்தான். "தலைவரே, ரெண்டுலயும் முழுசா விழுந்திருக்கு. எதை எழுத?"

கோயில்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தார். மோசமான மனுஷன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கிற மனுஷன். "மொத கேட்டதை எழுதும்," என்றார்.

அன்றையிலிருந்து ரெண்டாவது கேள்வியைக் கேட்பதே நின்று போயிற்று. கல்குவாரி வந்தது, சரி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை மூடி டவுனோடு சேர்ப்பது வந்தது, சரி. சாராயக்கடையைக் கோயிலுக்குப் பக்கத்தில் மாற்றுவது வந்தது, அதுவும் சரி. தலைவர் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, எதற்குக் கை என்று எங்களுக்கே தெரியாமல், எல்லாம் ஊர் கேட்டு நடந்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. யூனியன் ஆபீசிலிருந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, தூக்கிய கைகளோடு ஊரை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, "மாவட்டத்துலயே இப்பிடி ஒத்துமையான ஊரு இல்ல," என்றார். அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு ஊராட்சி மன்றத்தில் மாட்டினார்கள். அதில் நான் மூன்றாவது வரிசை, இடமிருந்து ரெண்டாவது.

கார்த்திகையில் பண்டாரம் செத்தான். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன். செத்த பிறகாவது இறங்கும் என்று எல்லோரும் அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கவில்லை. எங்கள் பக்கம் புதைக்கிற வழக்கம். குழியை ரெண்டு முழம் கூடுதலாகத் தோண்டினார்கள். மண் போட்டு மூடும்போது கடைசியாக மறைந்தது அந்த அஞ்சு விரல்தான். வீட்டுக்கு வந்தோம். குளித்துவிட்டுச் சாப்பிட்டோம்.

கிழக்குத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. முதலில் ரெண்டு குடும்பம் உப்பளத்துக்குப் பக்கத்திலேயே ஓலை கட்டிக்கொண்டு போயிற்று. அப்புறம் மூன்று. டவுன் லாரி நாலு, நம் டிராக்டர் ஒன்று, நாற்பது சென்ட் எத்தனை நாள் தாங்கும்? மழையில் குப்பைமேடு சரிந்து சரிந்து கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றது. லாரிக்காரர்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் மூக்கைக் கட்ட முடியாமல், கட்டுவதற்கு ரெண்டு கை வேண்டுமே, நாற்றத்துக்கும் பழகினோம்.

ஜனவரி இருபத்தாறு கூட்டத்தில்தான் மைதீன் பிச்சை எழுந்தான். தீர்மானம் ஒன்றும் வாசித்திருக்கவில்லை. கிளார்க் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்த சொல்லணும்," என்றான் மைதீன். "அன்னைக்கு ஏழாவது தீர்மானம் எனக்குக் கேக்கலைன்னு சொன்னேன்லா. அது பொய். எனக்குக் கேட்டுச்சு. முத்துப்பேச்சி சொன்னதும் கேட்டுச்சு. எங்க தெருவுக்கு வராதுன்னுதான் தூக்கினேன்."

சொல்லி முடித்ததும் அவன் கை இறங்கியது. மெதுவாக, ராட்டினத்திலிருந்து வாளி இறங்குகிற மாதிரி, தொடையில் வந்து நின்றது. அவன் அதை இடது கையால் தொட்டுப் பார்த்தான். அழுதான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இதுதான் மருந்து. நாலு வார்த்தை. எழுந்து நின்று, கேட்டது என்று சொன்னால் போதும். நான் சுற்றிலும் பார்த்தேன். என்னைச் சுற்றியிருந்தவர்களும் சுற்றிலும் பார்த்தார்கள். பால்காரன் வாயைத் திறந்தான், அவன் சம்சாரம் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், மூடிக்கொண்டான். ஒருவர் சொன்னால் இன்னொருவர் சொல்ல வேண்டும், எல்லோரும் சொன்னால் குப்பை அங்கே கிடக்க முடியாது, அங்கே கிடக்கவில்லை என்றால் வேறெங்காவது கிடக்க வேண்டும், ஊரில் வேறெங்கே என்றாலும் அது யாரோ ஒருவர் வீட்டுப் பின்பக்கம்.

"டீ ஆறுது," என்றார் கோயில்பிள்ளை. எழுந்து போனோம்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து மைதீன் கடைக்கு ஒருத்தரும் போகவில்லை. ரெண்டு கையோடு இருக்கிற டெய்லர், முன்னைவிட நன்றாகத் தைப்பான், ஆனாலும் போகவில்லை. "அவரு பெரிய யோக்கியரு, நம்ம துணியெல்லாம் தொடுவாரா?" என்றார்கள். அவன் சம்சாரம் தண்ணிக் குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பதினெட்டு நாள் பார்த்தான். பத்தொன்பதாம் நாள் மூங்கில் பட்டை ஒன்றைக் கக்கத்தோடு வைத்து, வேட்டிக் கிழிசலால் சுற்றிக் கட்டி, கையை மேலே நிறுத்திக்கொண்டு கடையைத் திறந்தான். கட்டிவிட்டது முத்துப்பேச்சிதான். வேறு யாரால் கட்ட முடியும்? மறுநாள் ரெண்டு பேர் துணி கொண்டு வந்தார்கள்.

மாசி மாசத்தில் ஒரு நாள் மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பித்தளைச் செம்பு. என் முன்னால் தரையில் வைத்தாள்.

"குடிங்க அண்ணாச்சி."

பார்த்தேன். கறுப்பாக இருந்தது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு மினுக்கம்.

"என்னத்துக்கு?"

"பயன்பாட்டில் இல்லைன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீக. கிளார்க்கு காட்டினாரு. பால்வண்ணம், பம்பு ஆப்பரேட்டர்னு போட்டிருக்கு."

ஆமாம். நான்தான். இருபத்தொன்பது வருஷம் இந்த ஊருக்குத் தண்ணி திறந்துவிட்டவன் நான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தக் குழாய் எந்தத் தெருவுக்குப் போகிறது, எது போகவில்லை என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கிழக்குத் தெருவுக்கு நான் ஒரு நாளும் வால்வு திறந்ததில்லை. திறக்க அங்கே வால்வே கிடையாது. போன ஆடியில் கிளார்க் நீட்டிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஊரில் எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எழுதிக்கொள்வது வழக்கம், அப்படித்தான் இதுவும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. இது எழுதியிருந்தது. நான் படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். குப்பைக்கு முதலில் பார்த்த இடம் மேலத்தெருவுக்குப் பின்னால் உள்ள புறம்போக்கு. மேலத்தெருவில் கடைசி வீடு என்னுடையது.

"நாங்க ரெண்டு வீடுதான் இருக்கோம்," என்றாள். "அவுகளும் பங்குனிக்குள்ள போயிருவாக. நான் எங்க போக? அடியில இன்னும் ஊத்து அடைபடல. காலைல வாளி விட்டா மேல குப்பையை விலக்கிட்டு அடித்தண்ணி கொஞ்சம் வருது. தூர் வாரினா பொழைச்சிரும். நீங்க சொன்னாத்தான் எடுபடும், வேற யாரு சொன்னாலும் எடுபடாது."

"சொன்னா கை இறங்கிரும்."

"இறங்கட்டுமே."

"மைதீனைப் பாத்தேல்லா."

அவள் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "குடிக்க மாட்டீகன்னு தெரியும்," என்றாள். அந்த இடத்தில் செம்பின் அடி வட்டமாக ஈரம் பதிந்திருந்தது. நான் அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. மாசி வெயில்.

மார்ச் இருபத்திரண்டு. உலக தண்ணீர் தினமாம், அதற்கும் ஒரு கிராம சபை உண்டு. அதிகாரி யாரும் வரவில்லை. கிளார்க் மழைநீரைச் சேமிப்போம் என்று உறுதிமொழி வாசித்தான், எல்லோரும் திருப்பிச் சொன்னோம். முத்துப்பேச்சி வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தேன். மனசு மாறி எழுந்தேன் என்று நினைக்க வேண்டாம். உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"அந்தக் கிணறு செத்த கிணறு இல்ல," என்றேன். "கோடையில நம்ம தொட்டி வத்தினப்ப நானே அங்க போயி தண்ணி எடுத்துக் குடிச்சிருக்கேன். பயன்பாட்டில் இல்லைன்னு எழுதின காயிதத்துல கையெழுத்துப் போட்டது நான். படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். என் வீட்டுப் பக்கம் வந்திரக் கூடாதுன்னு போட்டேன்."

இறங்கியது. ஏழு மாசத்துக் கை. அது என் தொடையில் வந்து மோதியபோது வேறு யாரோ கையை வைத்த மாதிரி இருந்தது.

"இப்ப ஒரு தீர்மானம்," என்றேன். "குப்பையை அங்கேயிருந்து எடுக்கணும். கிணத்தைத் தூர் வாரணும். கேளும்யா, ஆதரிக்கிறவங்கன்னு கேளும்."

அப்போதுதான் கொட்டகைக்கு விஷயம் விளங்கியது. எல்லாக் கையும் மேலே இருக்கிறது. கேட்டால் நிறைவேறிவிடும். ஒரு சலசலப்பு. தூணுக்குப் பின்னால் ஒருத்தன் நகர்ந்தான். தலைவர் சம்சாரம் தூக்கிய கையின் மேல் முந்தானையை இழுத்துப் போட்டாள், அது கொடிக்கம்பத்தில் துணி போட்ட மாதிரி இன்னும் நன்றாகத் தெரிந்தது. பால்காரன் குடையை விரித்தான். கையை மறைக்க ஒரு ஊரே பட்ட பாட்டை நான் அன்றைக்குப் பார்த்தேன். முத்துப்பேச்சி முழங்காலை ஊன்றி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "ஆதரிக்கி..."

"இரும்," என்றார் கோயில்பிள்ளை. "எப்பவும் அதையே மொதல்ல கேக்கணும்னு சட்டம் இருக்கா?"

"அப்பிடி ஒண்ணும் இல்ல தலைவரே."

"அப்ப எதிர்க்கிறவங்களை மொதல்ல கேளும்."

கிளார்க் என்னைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். "எதிர்க்கிறவங்க?" என்றான்.

முந்தானை விலகியது. குடை மடங்கியது. தூணுக்குப் பின்னால் போனவன் வெளியே வந்தான். நான் மைதீனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவனுடைய இடது கை எழும்பி, மூங்கில் பட்டையைக் கட்டியிருந்த துணியின் முடிச்சு வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு மடியில் திரும்பி வந்து விழுந்தது.

எண்ணினான். "நூத்தி நாப்பத்தொண்ணு." செத்த பண்டாரமும் நானும் போக, மைதீனின் கட்டின கையும் சேர்த்து.

"எழுதும். ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது."

"தலைவரே, ரெண்டு பேரு கை கீழ இருக்கே. ஏகமனதுன்னு எப்பிடி..."

"கீழ இருக்கிற கையை எழுத நோட்டுல எடம் இருக்கா?"

கிளார்க் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். உண்மையிலேயே தேடினான். "இல்ல," என்றான்.

"பின்ன?"

எழுதினான். காராச்சேவு கொடுத்தார்கள். எனக்கு யாரும் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. கலைந்து போகும்போது ஒவ்வொருத்தரும் என் தொங்கின கையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு போனார்கள். முத்துப்பேச்சி கடைசியாக வந்தாள்.

"காலையில வாங்க அண்ணாச்சி. ஆள் ஒண்ணு வேணும் எனக்கு."

"எதுக்கு?"

"வாங்க."

போனேன். வீட்டைப் பூட்டாமல் சாத்தியிருந்தாள். சாமான் ரெண்டு சாக்கில் கட்டி வாசலில் இருந்தது. மிச்சமிருந்த இன்னொரு வீட்டுக்காரர்கள் முந்தின நாளே போய்விட்டிருந்தார்கள். அவள் மூக்கை மூடாமல் குப்பைமேட்டின் ஓரமாக நடந்தாள், நான் பின்னால் போனேன். கிணற்றின் ஒரு பக்கச் சுவர் குப்பைக்குள் போயிருந்தது. மறுபக்கம் மட்டும் நிற்க இடம் இருந்தது. ரெண்டு கல்தூணுக்கு நடுவில் இரும்புச் சட்டத்தில் ஒரு கப்பி தொங்கியது. நல்ல கனமான கப்பி, துறைமுகத்துப் பழைய இரும்பு.

"எங்க வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது," என்றாள். "தங்கச்சி ஊருக்குத்தான் போறேன், அங்க கிணறு இருக்கு, கப்பி இல்ல. கையாலதான் இழுக்காக. இதை நான் கொண்டு போறேன். நான் ஏறிக் கம்பியை அவுக்கேன், நீங்க கீழ பிடிச்சுக்கிடுங்க."

ஏறினாள். வெடித்த பாதம் ரெண்டையும் சுவர் விளிம்பில் ஊன்றி, கம்பியின் முறுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். துரு பிடித்த கம்பி, லேசில் வரவில்லை. நான் இடது கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கப்பிக்குக் கீழே கொடுத்தேன்.

"பிடிச்சிருக்கீகளா?"

"பிடிச்சிருக்கேன்."

"விடுதேன்."

கனம் இறங்கியது. விரலை மடக்கினேன். தூக்கியிருந்தபோதெல்லாம் மடங்கினது, இப்போது மடங்கவில்லை. ஏழு மாசம் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்த விரல், இரும்பு வந்து விழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் விரிந்து நின்றது. கப்பி என் உள்ளங்கையில் ஒரு தரம் உருண்டு, விளிம்பில் பட்டு, உள்ளே போயிற்று.

ரெண்டு பேரும் குனிந்தோம். தண்ணியில் இரும்பு விழுந்தால் ஒரு சத்தம் உண்டு. கிணற்றின் ஆழம் எவ்வளவு, தண்ணி எத்தனை அடி என்று அந்தச் சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். காத்திருந்தோம். கீழே எங்கேயோ, மெத்தையில் ஆள் படுத்த மாதிரி, மெத்தென்று ஒன்று கேட்டது. அவ்வளவுதான்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கி, கழற்றின கம்பியை வளையமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சாக்குகள் கிடந்த பக்கம் நடந்தாள்.